முதலில் சுவர் காயட்டும்

வாசகர் கடிதம்:

"குன்னூரில் நாங்கள் இருப்பது என் கணவரின் தாத்தா வாங்கிய வீடு. வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். கல் சுவர், தகரக் கூரை, உள்ளே பலகை சீலிங். சமையலறை எட்டுக்குப் பத்து அடிதான். அதன் பின்சுவருக்கு வெளியே உடனே மேடு ஆரம்பிக்கிறது. அந்தச் சுவர் வருஷம் முழுக்க ஈரம், உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. மழை இல்லாத நாளிலும் விடியற்காலையில் சீலிங்கிலிருந்து சொட்டுகிறது. கோயம்புத்தூரிலிருந்து மாடுலர் கிச்சன்காரர்கள் வந்து அளந்து மூன்றே முக்கால் லட்சம் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டு அறைக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்து ஓப்பன் கிச்சன் ஆக்கலாம், ஈரச் சுவரில் உச்சி வரை டைல்ஸ் ஒட்டி அதன்மேல் அலமாரி மாட்டலாம் என்கிறார்கள். நடுச் சுவரில் பழைய விறகடுப்பு இருக்கிறது. அதற்கு முதுகு கொடுத்தமாதிரி சாப்பாட்டு அறையில் ஒரு கணப்பு. அத்தை காலையில் வெந்நீருக்கும் குளிருக்கும் விறகடுப்பைத்தான் மூட்டுகிறார், அதை எடுக்கவே கூடாது என்கிறார். என் கணவருக்கோ மேட்டை ஆறு அடி வெட்டி அறையைப் பின்னால் நீட்டிவிடலாம் என்று யோசனை. கையில் மொத்தம் நான்கு லட்சம். மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?"

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த மாதக் கடைசிக்குள் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மாடுலர்காரர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவர்கள் அலமாரி விற்கிறவர்கள். மாட்டுவதற்கு ஒரு சுவர் இருந்தால் அவர்களுக்குப் போதும். அந்தச் சுவர் ஏன் நனைந்து கிடக்கிறது என்று கேட்பது அவர்கள் வேலை இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விகளுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. எட்டுக்குப் பத்து அடி அப்படி ஒன்றும் சின்ன அறை இல்லை. எஸ்டேட் லைன் வீடுகளில் அதைவிடச் சின்ன இடத்தில் சமையல், சாப்பாடு இரண்டும் நடக்கின்றன. உங்கள் அறையில் ஒரு நீளச் சுவரை ஈரம் எடுத்துக்கொண்டது, இன்னொன்றை அடுப்பு எடுத்துக்கொண்டது. மிச்ச இடத்தில் நீங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அதனால்தான் சின்னதாகத் தெரிகிறது.

டைல்ஸ் யோசனையை முதலிலேயே தள்ளிவிடுங்கள். ஈரச் சுவரில் டைல்ஸ் ஒட்டினால் முதல் வருஷம் பார்க்க அருமையாக இருக்கும். அறைப் பக்கம் வெளியேற வழியில்லாத தண்ணீர் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். டைல்ஸ் முடிகிற இடத்தில்தான் உங்கள் கூரையின் மரச் சட்டங்கள் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன. ஈரம் அங்கே போய் நின்றால் மரத்தின் முனை உளுத்துப்போகும். அது நடப்பது வெளியே தெரியவும் தெரியாது, சீலிங் பலகை மறைத்துவிடும். அந்த டைல்ஸுக்கு மேல் அலமாரியையும் மாட்டிவிட்டால், இரண்டாவது மழைக்காலத்தில் ரவை டப்பாவைத் திறக்கும்போது பூசண வாடை வரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. சுவரில் காரை கெட்டியாக உள்ள ஓர் இடத்தைத் துடைத்து, ஒரு முழச் சதுரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக்குக்குக் கெடுபிடி உள்ள மாவட்டத்தில் பிளாஸ்டிக் தேடச் சொல்கிறேன், பழைய மழைக்கோட்டுத் துண்டு இருந்தாலும் சரி. இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால், சுவரை ஒட்டிய பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால் அது சுவர் வழியாக வருவது. முன்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டு பக்கமும் நனையும் என்பதே என் ஊகம். உங்கள் கடிதத்திலேயே இரண்டுக்கும் அடையாளம் இருக்கிறது.

சுவர் வழியாக வருவதை முதலில் பார்ப்போம். மலையில் வீடு கட்டியவர்கள் சரிவை வெட்டி ஒரு சமதளம் எடுத்துத்தான் கட்டினார்கள். விவரம் தெரிந்தவர்கள் மேட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு சந்து விட்டு அதில் வடிகாலும் வைத்தார்கள். எண்பது, தொண்ணூறு வருஷத்தில் மேட்டிலிருந்து மண் சரிந்து சரிந்து, இலை மக்கி, அந்தச் சந்து தூர்ந்துபோய்விடுகிறது. யாராவது மேலே சிமென்ட் தளமும் போட்டிருப்பார்கள். நீங்கள் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போய், சுவரோரம் மண்ணைக் குத்திப் பாருங்கள். வெளியே மண் மட்டம் உங்கள் சமையலறைத் தரையைவிட உயரமாக இருந்தால், அந்த உயரம் வரைக்கும் உங்கள் சுவர் பூமிக்குள் புதைந்திருக்கிறது என்று அர்த்தம். குன்னூருக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. மேட்டுக்குள் ஊறிய தண்ணீர் அதற்குப் பிறகும் நாள்கணக்காகக் கசிந்துகொண்டே இருக்கும். கல்லை மண் சாந்தில் அடுக்கிக் கட்டிய சுவர் அதைக் குடிக்கத்தான் செய்யும்.

இதற்கு உள்ளே என்ன பூசினாலும் பயன் இல்லை. வெளியே தூர்ந்த மண்ணை அள்ளி, தரை மட்டத்துக்கு அரை அடியாவது கீழே இறக்கி, இரண்டடி அகலத்தில் ஒரு வடிகால் எடுக்க வேண்டும். 100 அடிக்கு ஓர் அடியாவது வாட்டம் இருக்க வேண்டும். தண்ணீர் ஏற்கெனவே உள்ள மழைநீர்க் கால்வாயில் போய் விழ வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் மேட்டில் விழக் கூடாது. இதை ஆள் வைத்து மண்வெட்டியால் செய்யுங்கள். நீளம் முழுவதையும் ஒரே நாளில் தோண்டாமல், நான்கைந்து அடி எடுத்து, முடித்துவிட்டு, அடுத்த நான்கைந்து அடிக்குப் போகச் சொல்லுங்கள். பழைய வீடுகளின் கல் அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழம் குறைவு. அதன் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு கடப்பாரையும் இறங்கக் கூடாது. மேட்டின் அடிப்பகுதி பொலபொலவென்று இருந்தால் கல் பதித்து, தண்ணீர் வெளியேறத் துளைகள் விட்டுக் கட்டுங்கள்.

கூரையின் பின்பக்கத் தகர ஓடையையும் அப்படியே பார்த்துவிடுங்கள். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை அடைத்து, நீர் வழிந்து சுவரின் உச்சியிலேயே இறங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். ஏணி வைத்து ஒருவர் ஏறினால் தீர்கிற வேலைக்குக் கெமிக்கல் பூச்சு விற்றுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அப்புறம் அந்தச் சுவரின் பூச்சு. இவ்வளவு வருஷத்தில் யாரோ ஒருவர் பழைய சுண்ணாம்புக் காரையை எடுத்துவிட்டு சிமென்ட் பூசியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கும், காற்று அடித்தால் வெளியே விட்டுவிடும். சிமென்ட் அப்படி விடாது. ஈரம் பின்னால் தேங்கி, அதில் கரைந்த உப்பு பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நீங்கள் பார்க்கிற உதிர்வு அதுதான். உள்ளேயும் வெளியேயும் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுங்கள். கல் இடுக்குகளைச் சுத்தம் செய்து, சுவரைச் சும்மா விடுங்கள். பிறகு நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, அதில் கொஞ்சம் செங்கல் தூள் சேர்த்துப் பூச வேண்டும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் இல்லாமல் போகவில்லை. பழைய சர்ச், பங்களா வேலைகளில் இருந்த வயதான மேஸ்திரிகளை விசாரியுங்கள். பூச்சின் மேல் சுண்ணாம்பு வெள்ளைதான், எனாமல் வேண்டாம், ஈரம் தடுக்கும் பெயின்ட் எதுவும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. ஒன்றரை அடிக் கல் சுவர் முழுசாகக் காய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் அந்தச் சுவரில் அலமாரி இருக்கவே கூடாது என்கிறேன், இப்போது மட்டும் இல்லை, எப்போதுமே.

இனி சீலிங்கில் சொட்டுவது. மழை பெய்யாத நாளில் விடியற்காலையில் சொட்டுகிறது என்றால் அது பெரும்பாலும் ஒழுகல் இல்லை. இரவில் தகரம் சில்லிட்டுப் போகிறது. அறையின் ஈரக் காற்று பலகை இடுக்கு வழியாக மேலே போய்த் தகரத்தின் அடியில் நீராகிச் சொட்டுகிறது. அவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது? கேஸ் எரியும்போது தண்ணீர் உண்டாகும் என்பதை யாரும் நினைப்பதில்லை. ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். உங்கள் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது கிட்டத்தட்ட 22 லிட்டர் அறைக்குள் போயிருக்கிறது. இது அடுப்பிலிருந்து மட்டும். குழம்பும் சோறும் கொதிக்கிற ஆவி தனி. குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகக் கூடுதல் நேரம் ஆகிறது, ஆவியும் கூடுதல். கோயம்புத்தூர் சமையலறைக்குப் போடுகிற பிளானை அப்படியே இங்கே இறக்கினால் சரிப்படாததற்கு இது ஒரு காரணம்.

இந்த இடத்தில் உங்கள் அத்தை பக்கம் நான் சேர்ந்துகொள்கிறேன். அந்த விறகடுப்பு வெந்நீர் மட்டும் போடவில்லை. புகைபோக்கி வழியாக அறையின் ஈரக் காற்றை நாள்தோறும் உறிஞ்சி மேலே அனுப்புகிறது, சுவரையும் சூடாக்குகிறது. அடுப்பை மூடி புகைபோக்கியை சிமென்ட் வைத்து அடைத்த பிறகுதான் ஈரமே அதிகமானது என்று சொல்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எனவே அடுப்பு இருக்கட்டும். ஆனால் சில நிபந்தனைகளோடு.

புகைபோக்கியை உச்சியிலிருந்து அடிவரை கரி தட்டிச் சுத்தம் செய்யுங்கள், இனி வருஷத்துக்கு ஒருமுறை. பச்சைச் சீகை மர விறகை எரித்தால் கரி சீக்கிரம் படியும். விறகைக் கூரைக்கு அடியில் ஒரு வெயில்காலம் காயவைத்து எரிக்கச் சொல்லுங்கள். சுத்தம் செய்ததும் அடுப்பில் கொஞ்சம் ஈர இலையைப் போட்டுப் புகை கிளப்பி, மேலே வாயை ஈரச் சாக்கால் மூடிவிட்டு, சாப்பாட்டு அறையிலும் சீலிங்குக்கு மேலேயும் எங்காவது புகை வருகிறதா என்று பாருங்கள். உள்ளே பூச்சு உதிர்ந்து இடுக்கு விட்டிருந்தால், சூடும் பொறியும் கூரை மரத்தைத் தொடும். அப்படியானால் உள்ளே ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்காமல் அடுப்பை மூட்டக் கூடாது. மேல் வாய்க்கு ஒரு தொப்பியும் கம்பி வலையும் போடுங்கள், காகம் கூடு கட்டாது.

அத்தையிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இரவில் நெருப்புக் கங்குகளை அள்ளிச் சட்டியில் வைத்துப் படுக்கையறைக்குக் கொண்டுபோகும் பழக்கம் இருந்தால் அன்றோடு நிறுத்த வேண்டும். மூடிய அறையில் கங்கு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். மலை ஊர்களில் குளிர்காலம் வந்தால் இப்படி ஒரு சாவுச் செய்தி வருகிறது.

நடுச் சுவரை இடிப்பது பற்றி நான் நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் கணப்பு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இரண்டு புகைபோக்கியும் ஒன்றாகச் சேர்ந்து அந்தச் சுவரின் தலையில் உட்கார்ந்து கூரையைத் தாண்டிப் போகின்றன. அந்தச் செங்கல் கட்டு மூன்று நான்கு டன்னாவது இருக்கும். கூரைச் சட்டங்களும் பெரும்பாலும் அதே சுவரில்தான். அதை எடுத்துவிட்டு அந்தப் பாரத்தை இரும்புத் தூலத்தில் ஏற்றலாம், முடியாது என்று இல்லை. முட்டுக் கொடுத்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரைபடம் போட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து தூலத்தை ஏற்றி, ரோட்டிலிருந்து ஆட்கள் சுமந்து வந்து, எல்லாம் முடியும்போது உங்கள் நான்கு லட்சத்தில் அலமாரிக்கு ஒன்றும் மிஞ்சாது. மீன் குழம்பு வாசனை வீடு முழுக்கப் பரவுவது போனஸ்.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன? சமைக்கும்போது சாப்பாட்டு அறையில் உள்ளவர்களோடு பேசவும், தட்டைக் கொடுக்கவும் வசதி. அதற்கு இப்போதுள்ள கதவின் பலகையைக் கழற்றிவிடுங்கள். போதவில்லை என்றால் கதவுக்கும் புகைபோக்கிக்கும் நடுவே உள்ள துண்டுச் சுவரில் இரண்டரை அடி அகலத்துக்கு ஒரு திறப்பு எடுக்கலாம். மேலே லிண்டல், இரண்டு பக்கமும் முக்கால் அடியாவது தாங்கல். அதையும் இன்ஜினியர் நேரில் வந்து பார்த்த பிறகுதான். கல் சுவரில் ஒரு கல்லை உருவினால் அதைச் சுற்றி எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

உங்கள் கணவரின் யோசனைக்கு என் பதில்: வேண்டாம் சார். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். குன்னூர்க்காரரான உங்களுக்கு நான் அதை நினைவுபடுத்த வேண்டியதில்லை. மேட்டின் அடிவாரத்தை ஆறு அடி வெட்டுவது, தலைக்கு மேல் உள்ள அத்தனை மண்ணையும் பிடிமானம் இல்லாமல் விடுவது. மேலே யார் வீடு இருக்கிறதோ அவர்களுக்கும் ஆபத்து. மலைப்பகுதி என்பதால் கட்டடத்தை நீட்டுவதற்கும் மண்ணை வெட்டுவதற்கும் சமவெளி ஊர்களைவிடக் கெடுபிடி அதிகம். நகராட்சி அனுமதி இல்லாமல் தொட முடியாது, ஜேசிபி கொண்டுவருவதற்குத் தனி அனுமதி. வடிகாலுக்காகத் தூர்ந்த மண்ணை அள்ளுவதற்குக்கூட முன்கூட்டியே நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அறைக்குள் வருவோம். ஒரு பக்கக் குறுகிய சுவரில் பின்கதவும் ஜன்னலும், எதிர்ப்பக்கக் குறுகிய சுவர் வெறும் சுவர் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. இரண்டுமே மேட்டைத் தொடாத, காய்ந்த வெளிச்சுவர்கள். உங்கள் மேடைகள் இந்த இரண்டில்தான் வர வேண்டும். ஜன்னலுக்கு அடியில் சிங்க். எதிர்ச் சுவரில், விறகடுப்பிலிருந்து தள்ளியுள்ள மூலையை ஒட்டி கேஸ் அடுப்பு. இரண்டையும் இணைத்து ஈரச் சுவர் ஓரமாக ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கல் பலகை, மொத்தத்தில் ப வடிவம். அந்தக் கல் பலகை சுவரைத் தொடாமல் ஒரு அங்குலம் விலகி, தன் கால்களிலேயே நிற்கட்டும். அடியில் கதவு, தடுப்பு எதுவும் வேண்டாம். கிரைண்டர், தண்ணீர் டிரம் இரண்டும் அங்கே போகட்டும். குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்ற கவலை உள்ள ஊரில் டிரம்முக்கு இடம் ஒதுக்காத பிளான் எதற்கு ஆகும்? மாடுலர்காரர்களின் படத்தில் அது இல்லவே இல்லை.

புகைபோக்கி அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்பதால் அதன் இரண்டு பக்கமும் ஒரு அடி ஆழத்துக்குப் பள்ளமான இடம் கிடைத்திருக்கும். அடுப்பின் சூட்டில் எப்போதும் காய்ந்திருக்கும் இடம் அது. அரிசி, பருப்பு, மாவு, உப்பு எல்லாவற்றுக்கும் தரையிலிருந்து ஏழடி உயரம் வரை தட்டுகள் அடியுங்கள். வீட்டிலேயே சிறந்த அலமாரி அதுதான். மசாலாப் பொடி கட்டியாகாது. அடுப்பு வாய்க்கு நேராக மட்டும் மரம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜைச் சாப்பாட்டு அறைக்கு அனுப்பிவிடுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை எடுக்கிற அண்டா, இட்லிக் கொப்பரைகளும் இந்த அறையில் இருக்க வேண்டியதில்லை.

மேடை உயரத்தை 32 அங்குலம் என்று எல்லோருக்கும் ஒரே அளவில் வைப்பார்கள். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரத்தில் நான்கைந்து அங்குலம் குறைத்தால் காய் நறுக்கும் மேடை உயரம் கிடைக்கும். ஐந்தடி மூன்று அங்குலம் உள்ளவருக்கு அது ஏறக்குறைய 34 வரும். அடுப்பு மேடை இன்னும் மூன்று அங்குலம் இறங்க வேண்டும், அடுப்பின் உயரமும் பாத்திரத்தின் உயரமும் மேலே சேருகிறதே. சிங்க் பள்ளமானது என்பதால் அந்தப் பக்கம் 34 சரி, அடுப்புப் பக்கம் 31. அத்தை உங்களைவிடக் குள்ளம் என்றால் அடுப்பு மேடை அவருக்கும் பொருந்தும்.

பொருள்களில் என் ருசி பழைய ருசி. செங்கல் கால், கடப்பா கல் தடுப்பு, மேலே கிரானைட், முன்னால் காற்று போக இடைவெளி விட்ட அலுமினியக் கதவு. உள்ளூர்க் கொத்தனாரே செய்வார், இந்த ஊர் ஈரத்துக்கு அசையாது. இழுப்பறைதான் வேண்டும் என்றால் இரண்டு மூன்று மட்டும், ஈரம் தாங்கும் மரைன் ரகத்துக்கான ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட்டில். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு, எம்டிஎஃப் இரண்டும் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம், ஓரத்தில் ஈரம் ஏறினால் ஊதிவிடும். டைல்ஸ் அடுப்புக்கும் சிங்குக்கும் பின்னால் இரண்டடி உயரத்துக்குப் போதும். தரை சிவப்பு ஆக்சைடு என்று படத்தில் தெரிகிறது, நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

கேஸ் அடுப்புக்கு மேல் சிம்னி வைப்பதாக இருந்தால் குழாயை வெளிச்சுவர் வழியாக நேராக வெளியே விடுங்கள். குழாய் இல்லாத, காற்றை வடிகட்டி உள்ளேயே விடும் ரகம் எண்ணெயைப் பிடிக்கும், அந்த 22 லிட்டரைப் பிடிக்காது. குழாயை விறகடுப்பின் புகைபோக்கியோடு இணைக்கலாமே என்று யாராவது புத்திசாலித்தனமாகச் சொல்வார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் நெருப்புப் பொறியும் ஒரே குழாயில் சந்தித்தால் என்ன ஆகும் என்று அவரிடமே கேளுங்கள். இன்னொரு எச்சரிக்கை: விறகடுப்பு எரியும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு சிம்னியை ஓட விடக் கூடாது. சிம்னி அறைக் காற்றை வேகமாக இழுக்கும்போது, புகைபோக்கியில் மேலே போக வேண்டிய புகை திரும்பி அறைக்குள் இறங்கும்.

சிலிண்டர்? உள்ளே திறந்த நெருப்பு இருக்கிற அறை என்பதால் அது வெளியே இருப்பதுதான் எனக்குப் பிடித்தம். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு ஊர்ந்து விறகடுப்பை நோக்கித்தான் போகும். அடுப்பு மேடைக்குப் பின்னால், வெளிச்சுவர் ஓரத்தில், கூரைத் தாழ்வாரத்துக்கு அடியில், காற்றோட்டமான பூட்டுக் கூண்டில் வையுங்கள். ரப்பர் குழாயைச் சுவர் ஓட்டை வழியாக நுழைக்கக் கூடாது. செப்புக் குழாய் இணைப்பைக் கேஸ் ஏஜென்சி மூலமாகவே செய்யுங்கள். அடுப்பின் கடைசித் துண்டுக்கு உள்ள ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பழைய மரப்பட்டி வயரிங் என்றால் முழுவதும் எடுத்துவிட்டு மீட்டர் பெட்டியிலிருந்து சமையலறைக்குத் தனி லைன், எர்த்தோடு, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியோடு. இண்டக்‌ஷன், கெட்டில், கிரைண்டருக்கு குறைந்தது மூன்று 16 ஆம்பியர் பாயின்ட். ஈரச் சுவரில் ஒன்றும் வேண்டாம். பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தால், கூரைத் தகரத்தில் ஒன்றை ஒளி புகும் ஷீட்டாக மாற்றி, அதற்கு நேர்கீழே சீலிங்கில் ஒரு கண்ணாடி பதித்தால் தீர்ந்தது.

பின்கதவைப் பற்றி மாடுலர்காரர்கள் கேட்டிருக்க மாட்டார்கள், நான் கேட்கிறேன். உங்கள் பக்கம் கரடி வருமா? குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எண்ணெயும் சர்க்கரையும் தேடிச் சமையலறைக் கதவை உடைக்கிற கரடிகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அழகான கண்ணாடிக் கதவு இங்கே ஆகாது. கெட்டி மரக் கதவு, உள்ளே குறுக்குக் கம்பி. எண்ணெய் டின்னும் குப்பைக் கூடையும் இரவில் கதவோரம் இருக்கக் கூடாது. ஜன்னலுக்கு வெறும் கிரில் போதாது, குரங்கின் கை நுழையாத கம்பி வலையும் வேண்டும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? நான்கு லட்சத்தில் பாதியைக் கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு ஒதுக்குங்கள்: வடிகால், கூரை ஓடை, பூச்சு, புகைபோக்கி, வயரிங். மற்றதில் மேடையும் தட்டுகளும் சிம்னியும் முடியும். சாமான் ஏற்றிவரும் வாடகையையும் ரோட்டிலிருந்து வீடு வரை சுமை கூலியையும் முதலிலேயே தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வேலையில் சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.

ஜனவரியில் மழை விட்டதும் வயரிங்கையும் பின்னால் மண் வேலையையும் ஆரம்பியுங்கள். பிப்ரவரியில் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் ஜன்னலைத் திறந்துவைத்து, விறகடுப்பை மூட்டி, சுவரைக் காற்றாட விடுங்கள். ஏப்ரல் கடைசியில் சுண்ணாம்புப் பூச்சு, அவசரப்படாமல் ஒவ்வொரு அடுக்கும் இறுகிய பிறகு அடுத்தது. மேடையும் தட்டும் மே மாதம். சீசன் கூட்டத்தில் மே மாதம் லாரியும் ஆளும் கிடைப்பது பாடு என்பதால் கல்லையும் செங்கலையும் மார்ச்சிலேயே ஏற்றி வைத்துவிடுங்கள். அதுவரை சாப்பாட்டு அறையில் ஒரு மேஜை மேல் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்துச் சமைக்கலாம், புது லைனிலிருந்து அங்கேயும் ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் இழுத்துக்கொள்ளுங்கள். பழைய வயரில் மட்டும் இண்டக்‌ஷனைச் செருகாதீர்கள்.